மேல்வந்த பெலிஸ்தரும் பால்வடியும் மரங்களும்: 2 சாமுவேல் 5:17–25 பகுதியின் தமிழாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

விவிலியத் தமிழைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வடசொற் கலப்பு, உரைநடை வளர்ச்சி, அச்சு வரலாறு ஆகிய தடங்களிலேயே நடந்து வந்துள்ளன. அத்தமிழ் தன் எபிரேய மூலத்தை எவ்விடத்தில் தாங்கி நிற்கிறது, எவ்விடத்தில் நழுவ விடுகிறது என்று சொல் சொல்லாக நோக்கும் முயற்சி அருகியே காணப்படுகிறது. மலேசியாவில் அதற்கான தேவை சிறியதன்று. பேராக் மாநிலத்தின் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில், தமிழ்ப்பள்ளிப் பாடநூலுக்கு அடுத்து நாள்தோறும் கையில் எடுக்கப்பட்ட தமிழ் உரைநடை நூல் விவிலியமே எனலாம்.

இக்கட்டுரை ஒன்பது வசனங்களை மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. தாவீது இஸ்ரவேல் முழுமைக்கும் அரசனாகத் திருநிலைப்படுத்தப்பட்டதைக் கேட்டுப் பெலிஸ்தர் படையெடுக்கின்றனர், ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பரவுகின்றனர், தோற்று ஓடுகின்றனர். பிறகு மறுபடியும் வருகின்றனர். தாவீது இரண்டு முறையும் இறைவனிடம் கேட்கிறான். முதன்முறை 'போ' என்னும் விடை கிடைக்கிறது. இரண்டாம் முறை, நேரே செல்லாமல் பின்புறமாகச் சுற்றிச் சென்று, மரங்களின் உச்சியில் நடையோசை கேட்கும்வரை காத்திருக்கும்படி கட்டளை வருகிறது.

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்பகுதி பிரசங்கிக்கப்படுவதை நாம் பன்முறை கேட்டுள்ளோம். பகைவன் மறுபடியும் வருவான், முன்பு வென்றதுபோலவே மறுபடியும் வெல்லலாம் என்ற அளவில் விளக்கம் நின்றுவிடுகிறது. மூலம் சொல்வது அதுவன்று. இரண்டாம் போர் முதற்போரின் மறுபடியன்று என்பதே அதன் கருத்து. இவ்வேறுபாடு கேட்பவரை எட்டாமைக்குப் பிரசங்கியாரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. தமிழாக்கத்தின் சொற்றேர்வுக்கும் அதில் பங்குண்டு என்பது நம் கருத்து.

சாமுவேல் ஆகமங்கள் முதன்முதல் தமிழில் அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கு ரூத் ஆகமம்வரை மொழிபெயர்த்து 1719இல் மறைந்தார். எஞ்சிய பழைய ஏற்பாட்டை சூல்ட்சே நிறைவு செய்தார். பின்னர் ஃபப்ரீசியஸ் முழுமையும் திருத்தியமைத்தார். இவ்வழி வந்து, ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவெய்திய ஒன்றிணைந்த பதிப்பே தோட்டப்புறச் சீர்திருத்தச் சபைகளில் வேரூன்றியது. இன்று 'பழைய திருப்புதல்' என்று சுட்டப்படும் அப்பதிப்பையே இங்கு நாம் கொள்கின்றோம். வரிகளை எடுத்தாளாமல் தனிச்சொற்களை மட்டும் காட்டுகின்றோம்.

மேற்செலவு

எபிரேயப் பகுதியின் முதுகெலும்பு 'அலா' என்னும் வினை. ஏறுதல் என்பது அதன் பொருள். பெலிஸ்தர் தாவீதைத் தேடி 'ஏறினர்' (வச. 17). நான் 'ஏறலாமா' எனத் தாவீது கேட்கிறான், 'ஏறு' என விடை வருகிறது (வச. 19). பெலிஸ்தர் மீண்டும் 'ஏறினர்' (வச. 22). இம்முறை விடை 'ஏறாதே' (வச. 23). ஒரே வினை பகைவர்க்கும் அரசனுக்கும் மாறி மாறி வழங்கிவந்து, இறுதியில் அரசனுக்கு மட்டும் மறுக்கப்படுகிறது. பகைவர் எச்சொல்லால் வருகின்றனரோ அதே சொல்லால் அவரை எதிர்கொள்ளும் உரிமை இரண்டாம் முறை அரசனுக்கு இல்லை. கதையின் திருப்பம் இவ்வொரு வினையில்தான் அமைந்திருக்கிறது.

தமிழாக்கம் இதனை 'வா', 'போ' என்னும் பொதுவினைகளாகப் பிரித்துவிட்டது. பெலிஸ்தர் வருகின்றனர், தாவீது போகலாமா என்று கேட்கிறான், 'போ' என்றும் பின்னர் நேராய்ப் 'போகாமல்' என்றும் விடைகள் அமைகின்றன. வாசிப்பவருக்கு இவை இயல்பான தமிழ். ஆனால் இரண்டு தரப்பையும் பிணைக்கும் கயிறு அறுந்துபோகிறது. 'ஏறினர்' என்று அப்படியே பெயர்த்தால் தமிழ் கெடும் என மொழிபெயர்ப்பாளர் அஞ்சியிருக்கலாம். அவ்வச்சம் தேவையற்றது. தமிழ்ப் பொருளிலக்கணம் படையெடுப்பை 'மேற்செலவு' என்றே வழங்குகிறது. வஞ்சித்திணை பற்றி வகுப்பில் பாடம் சொல்லும் எந்த ஆசிரியரும் 'மேற்சென்றான்' என்று சொல்லாமல் அப்பாடத்தை நடத்துவதில்லை. உயரத்தையும் தாக்குதலையும் ஒருசேரக் குறிக்கும் 'மேல்' என்னும் சொல் எபிரேய வினைக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கியது. 'மேல்வந்தனர்', 'மேற்செல்லலாமா', 'மேற்செல்', 'மேற்செல்லாதே' என்று அமைத்திருந்தால் கயிறு அறாது நின்றிருக்கும். 1871இன் பதிப்பாளர் கிறித்தவ வழக்கிற்கு அப்பாலுள்ள இலக்கண மரபை இவ்விடத்தில் நாடாதது ஓர் இழப்பே.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெலிஸ்தர் கடற்கரைச் சமவெளியினர், யூதா மலைநாடு. ஆதலின் அவர்கள் வருவது ஏற்றம். தமிழாக்கமோ 22ஆம் வசனத்தில் அவர்கள் பள்ளத்தாக்கில் 'இறங்கினார்கள்' என்கிறது. பாளையமிறங்குதல் என்னும் பழைய வழக்கு அது, பிழையன்று. ஆயினும் அவ்வழக்கு இன்று மறைந்துவிட்டமையால், மேலிருந்து கீழே வந்தனர் என்றே இக்கால வாசகர் கொள்கின்றனர். பேராக் வாசகருக்கு அப்படிக் கொள்ளத் தனிக்காரணமும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தைக் கடந்த தலைமுறைக்கு ஆபத்து மலைக்காட்டின் திசையிலிருந்து தோட்டத்திற்குள் இறங்குவது, சமவெளியிலிருந்து ஏறுவதன்று. எபிரேயக் கதையின் நிலப்படம் இங்குத் தலைகீழாகிவிடுகிறது.

'மறுபடியும்' என்னும் சொல்

இரண்டாம் படையெடுப்பை அறிவிக்கும் எபிரேயத் தொடர் 'வய்யோசிஃபூ ஓத்' என்று தொடங்குகிறது. 'யாசஃப்' என்னும் வேரின் பொருள் கூட்டுதல். 'பெலிஸ்தர் இன்னும் ஏறுவதைக் கூட்டினர்' என்பது அதன் நேர்ப்பொருள். எபிரேயத்தில் 'மறுபடியும் செய்தான்' என்பதைச் சொல்லும் வழக்கமான முறைகளுள் இதுவும் ஒன்று. ஆதலின் 'திரும்பவும்' என்னும் தமிழ் வினையடை பொருளளவில் சரியே. எனினும், எபிரேயம் இதனை வினையாகவே வைத்திருப்பதால் அச்சொல் பிற இடங்களோடு பேசுகிறது.

அவ்விடங்களுள் முதன்மையானது 1 சாமுவேல் 7:13. சாமுவேல் காலத்தில் பெலிஸ்தர் தாழ்த்தப்பட்டு, இஸ்ரவேலின் எல்லைக்குள் வருவதை 'இன்னும் கூட்டவில்லை' என்று அவ்வசனம் கூறுகிறது. அதே வேர், அதே 'ஓத்'. ஆனால் அடுத்த சில அதிகாரங்களிலேயே அவர்கள் திரண்டு வருகின்றனர், கோலியாத்து வருகிறான், 19ஆம் அதிகாரத்தில் போரே 'கூட்டிற்று' என்று அவ்வினை போரின்மீது ஏற்றிச் சொல்லப்படுகிறது, இறுதியில் ரெப்பாயீமில் 'கூட்டினர்' என முழங்குகிறது. இதனை முரண் என்று கூறி, இரு வேறு மூலங்கள் இணைக்கப்பட்டதன் தடயமாகக் கொள்வாரும் உளர். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் இணைத்தவர் அம்முரணை மறைக்க முயலவில்லை என்பது நோக்கத்தக்கது. முடிந்துவிட்டது என்று அறிவித்த சொல்லாலேயே முடியவில்லை என்பதையும் அறிவிக்கிறார். தமிழாக்கத்தில் ஓரிடத்தில் 'அப்புறம்', ஓரிடத்தில் 'மறுபடியும்', ஓரிடத்தில் 'திரும்பவும்' என்று நிற்பதால் இவ்வெதிரொலி கேட்பதில்லை.

இதனினும் கூர்மையானது நியாயாதிபதிகள் 13:1. அங்கே தீமை செய்வதைக் 'கூட்டியவர்' இஸ்ரவேலரே. அதன் விளைவாகவே அவர்கள் நாற்பது ஆண்டு பெலிஸ்தர் கையில் விடப்படுகின்றனர். பகைவர் மீண்டும் மீண்டும் வருவதற்கும், தம் மக்கள் மீண்டும் மீண்டும் தவறுவதற்கும் மூலம் ஒரே வினையை வைத்திருக்கிறது. 'பெலிஸ்தர்' என்றவுடன் அயலாரை மட்டும் சுட்டும் பிரசங்க வழக்கிற்கு மூலமொழி இடந்தரவில்லை.

அயலார் என்பதைப் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு, நியாயாதிபதிகள் தொட்டுப் பெலிஸ்தர் என்னும் இனப்பெயரைப் பெரிதும் விடுத்து, 'வேற்றினத்தார்' என்னும் பொதுச்சொல்லையே வழங்குகிறது. வரலாற்று நோக்கில் அவர்கள் கி.மு. 12ஆம் நூற்றாண்டளவில் கடல் வழியாக வந்து குடியேறியோர். மூன்றாம் ராம்சேசின் கல்வெட்டுகள் அவர்களைக் குறிப்பிடுகின்றன. அஸ்கலோன் அகழாய்வில் கிடைத்த எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வும் தென் ஐரோப்பியத் தொடர்பைக் காட்டிற்று. ஆமோஸ் 9:7 இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொணர்ந்த அதே இறைவனே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்து கொணர்ந்தான் என்பது அதன் கூற்று. கடல் கடந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள், 1969க்குப் பின் வேலைப் பெர்மிட் இன்றிப் பிழைக்க இயலாது ஊர் திரும்பியவர்களின் உறவினர்கள், இவ்விரண்டு இடங்களையும் அருகருகே வைத்து வாசித்தல் தகும். 'பெலிஸ்தர்' என்று பிறரைச் சுட்டும் விரல் அப்போது சற்றுத் தயங்கும்.

பரவுதலும் விரிச்சியும்

பெலிஸ்தர் பள்ளத்தாக்கில் செய்ததைக் குறிக்கும் எபிரேய வினை 'நாடஷ்' என்பதன் ஒரு வடிவம். 18, 22 ஆகிய இரண்டு வசனங்களிலும் அதுவே வருகிறது. ஏசாயா 16:8இல் இவ்வினை திராட்சைக் கொடியின் தளிர்கள் பரந்து படர்வதைக் குறிக்கிறது. கட்டவிழ்ந்து பரவுதல் என்பதே அடிக்கருத்து. தமிழாக்கம் முதலிடத்தில் 'பரவி' என்று மிகப் பொருத்தமாகவே பெயர்த்தது. இரண்டாம் இடத்தில் மேலே கூறிய 'இறங்கு' வந்து புகுந்தது ஏன் என்பது விளங்கவில்லை. ரெப்பாயீம் பள்ளத்தாக்கு கதிர் விளையும் நிலம் என்பதை ஏசாயா 17:5 காட்டுகிறது. விளைநிலத்தில் படை படர்வது என்பது விளைச்சல் பறிபோவது. கேகிலாவின் களங்களைப் பெலிஸ்தர் கொள்ளையிட்டதாக 1 சாமுவேல் 23 கூறுவதோடு இதனைச் சேர்த்து நோக்கலாம். நாளாகமத்தின் ஆசிரியர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவர் இதே கதையை மறுபடி எழுதும்போது 'நாடஷ்' என்பதை நீக்கி, சூறையாடுதலைக் குறிக்கும் 'பாஷட்' என்னும் வினையை இருமுறையும் வைத்தார் (1 நாளா. 14:9, 13). படர்தல் என்னும் உருவகம் போய், நடந்தது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

தமிழாக்கத்தை நாம் குறைகூறிக்கொண்டே போகின்றோம் என்று எண்ணவேண்டா. முதல் வெற்றியின்போது தாவீது அவ்விடத்திற்குச் சூட்டும் பெயரின் வேர் 'பாரட்ஸ்'. அது கரை உடைவதற்கும் படை உடைவதற்கும் பொது. அங்குத் தமிழாக்கம் 'உடை' என்னும் வினையை ஆள்கிறது. தமிழிலும் ஏரிக்கரை உடையும், படையும் உடையும். இதனினும் நல்ல தேர்வு இல்லை.

இரண்டாம் போருக்கு முன் கேட்கும் மரவோசையைத் தமிழாசிரியர் எவரும் 'விரிச்சி' என்னும் துறையோடு ஒப்பிட விரும்புவர். வெட்சி மறவர் புறப்படுமுன் பிறர் வாயினின்று தற்செயலாக எழும் சொல்லைக் கேட்டு நிமித்தம் கொள்வர். தாவீதும் போருக்கு முன் கேட்கிறான்; ஓசையை எதிர்நோக்குகிறான். ஒப்புமை இவ்வளவே. விரிச்சியில் கேட்பது மனிதச் சொல். அது வெற்றி வருமா என்பதைச் சொல்கிறது. இங்கே வெற்றி முன்னரே உறுதியளிக்கப்பட்டுவிட்டது. ஓசை நேரத்தை மட்டுமே சொல்கிறது. அன்றியும் அது சொல்லன்று, காலடி. 'ட்செஆதா' என்னும் எபிரேயச் சொல் அணிநடையைக் குறிப்பது. நியாயாதிபதிகள் 5:4இல் இறைவன் ஏதோமிலிருந்து நடந்து வருவதைக் கூறுவதும் இவ்வேரே. எனவே மரவுச்சியில் கேட்பது காற்றொலி போன்ற ஒன்றாயினும், கதை அதனைத் தாவீதுக்கு முன்னே புறப்படும் வேறொரு படையின் நடையாகக் கேட்கச் சொல்கிறது. முதற்போரில் அரசன் முன்செல்கிறான். இரண்டாம் போரில் அவன் பின்செல்கிறான்.

எந்த மரம்?

இனி மரத்திற்கு வருவோம். எபிரேயத்தில் அது 'பெகாயீம்', ஒருமை 'பாகா'. எம்மரம் என்பது பழங்காலத்திலேயே ஐயத்திற்குரியதாயிற்று. எழுபதின்மர் பெயர்ப்பு சாமுவேலில் 'அழுகைக்குரிய இடம்' என்றும், நாளாகமத்தில் 'பேரி மரங்கள்' என்றும் கொண்டது. லத்தீன் வுல்காத்தாவும் பேரி மரங்களையே கொண்டது. லூத்தரின் செருமானியப் பெயர்ப்பும் 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பும் மல்பெரி மரங்கள் என்றன. ஃபப்ரீசியஸ் செருமானியர், பவர் ஆங்கிலப் பெயர்ப்பை நன்கறிந்தவர். ஆதலின் தமிழில் 'முசுக்கட்டை' வந்தது வியப்பன்று. ஆனால் அதனோடு 'செடி' என்பது ஒட்டிக்கொண்டது. பட்டுப்புழுவிற்குத் தழை கொய்ய வெட்டி வெட்டிக் குட்டையாக வைக்கப்படும் முசுக்கட்டையின் நுனியில் ஒரு படை நடந்து செல்வதை வாசகர் எங்ஙனம் கற்பனை செய்வார்? ஒலி தலைக்கு மேல் கேட்கவேண்டும். செடியோ இடுப்பளவு நிற்கிறது.

அகராதியாளர் பலர் 'பாகா'வை, இலையைக் கிள்ளினால் துளித்துளியாகப் பிசின் வடிக்கும் ஒருவகை மரமாகக் கருதுகின்றனர். அழுதலைக் குறிக்கும் 'பாகா' என்னும் வினையோடு அப்பெயருக்கு உள்ள ஒலியொப்புமையே இதற்கு அடிப்படை. எழுத்தில் மட்டும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. சங்கீதம் 84:6இல் இதே எழுத்துகளோடு 'பாகா பள்ளத்தாக்கு' வருகிறது. அங்கே தமிழாக்கம் 'அழுகையின் பள்ளத்தாக்கு' என்கிறது. ஒரே எழுத்துக்கூட்டல் ஓரிடத்தில் அழுகை, ஓரிடத்தில் முசுக்கட்டை. இவ்விரண்டும் ஒன்றையொன்று நோக்குகின்றன என்பதைத் தமிழ் மட்டும் வாசிப்பவர் அறிய வழியே இல்லை.

பேராக் வாசகர் இவ்விடத்தில் தனித்த தகுதியுடையவர் என்பது நம் துணிபு. பால் வடிக்கும் மரத்தின் அடியில் வாழ்ந்த தமிழர் உலகில் வேறெங்கும் இத்துணை நெருக்கமாக, இத்துணைத் தலைமுறை வாழ்ந்ததில்லை. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அந்நகரில் பேணப்படுகிறது. மலேசியத் தமிழர் அதனை ரப்பர் மரம் என்பதைவிடப் 'பால்மரம்' என்றே பெரிதும் வழங்கினர். அகிலன் தம் மலேசியப் புதினத்திற்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டதும் அவ்வழக்கைப் பின்பற்றியே. பிரஞ்சில் ரப்பரைக் குறிக்கும் 'கௌச்சூ' என்னும் தென்னமெரிக்கச் சொல்லுக்கு 'அழும் மரம்' என்று பொருள் கூறும் மரபு பரவலாக உண்டு. அச்சொல்லாராய்ச்சி எவ்வளவு உறுதியானது என்பது வேறு வினா. அழுகை, பால், மரம் ஆகிய மூன்றும் மனித மனத்தில் எளிதாக இணைகின்றன என்பதே இங்கு வேண்டப்படுவது.

ஓசைக்கும் இது பொருந்தும். பால்மரம் வெட்டியோர் மழையை முதலில் கண்ணால் காண்பதில்லை, காதால் கேட்பர். இலைக்கூரையின் மேல் தொலைவிலிருந்து நெருங்கிவரும் இரைச்சல் அது. துளி தலையில் விழுமுன் மங்கில் உள்ள பாலை வாளியில் ஊற்றி எடுத்துவிட வேண்டும்; தவறினால் காலை முழுதும் செய்த உழைப்பு நீரோடு போகும். மரவுச்சியில் இரைச்சல் கேட்டவுடன் விரைந்தெழுதல் என்பது அவர்களுக்கு உரை வேண்டாத செய்தி. 24ஆம் வசனத்தில் தாவீதுக்கு இடப்படும் கட்டளை வினையின் வேர் 'காரட்ஸ்'. வெட்டுதல், கூராக்குதல் என்னும் பொருளிலிருந்து விரைந்து துணிதல் என்னும் பொருளுக்கு வந்த சொல் அது. நாளாகமம் அதனை நீக்கிப் 'போருக்குப் புறப்படு' என்று எளிமையாக்கிவிட்டது. தமிழாக்கத்தின் 'சீக்கிரமாய்' என்பது விரைவை மட்டும் தருகிறது. காதைக் கூராக்கி நின்றவன் ஓசை கேட்டதும் எழுவதே மூலத்தின் விரைவு; அது பதற்றமன்று.

1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெறக் காரணராய் விளங்கிய தனிநாயக அடிகள், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியர், கத்தோலிக்கக் குருவானவருங்கூட. சங்கப் பாடலின் பொருளை அதன் நிலத்தினின்றும் பிரிக்கலாகாது என்பது அவர்தம் ஆய்வின் அடித்தளம். அந்நெறியை எபிரேயத்தின்மீது பொருத்தினால், மரத்தின் பெயர் அணிகலன் அன்று, கருப்பொருள் என்பது தெளிவாகும். கருப்பொருள் மாறினால் உரிப்பொருளும் மங்கும்.

இதனால் மூலத்தில் 'பால்மரம்' என்று எழுதிவிடலாம் என்று நாம் கூற வரவில்லை. ரப்பர் மரம் அமேசான் காட்டிற்குரியது. அதனை யூதாவின் மலையில் நடுவது முசுக்கட்டையை நட்டதைவிடப் பெரிய பிழையாகும். பிசின் வடிக்கும் மரம் என்னும் பொருளில் 'பிசின்மரம்' என்று பாடத்தில் வைத்து, சங்கீதம் 84க்கு ஒரு குறுக்குக் குறிப்பும் இட்டால் போதும். பால்மரம் ஆசிரியரின் வாய்மொழிக்கு உரியது. ஆனால் அவ்வாய்மொழிக்கும் காலம் குறுகிவருகிறது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை உங்கு அப்துல் அசீஸ் 1962இல் ஆராய்ந்து எழுதினார். அதன் பின்னர் எஞ்சிய தோட்டங்களிலும் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிற்று. ஈப்போவைச் சூழ்ந்தவற்றுள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. செம்பனை பால் வடிப்பதில்லை. அதன் மட்டையில் எழும் ஓசையும் வேறு. ஈப்போவின் தமிழ்ப்பள்ளிகளில் இன்று பயிலும் மாணவர் பலருக்கு மங்கும் வாளியும் பாட்டி சொல்லும் கதைப்பொருள்கள். அப்பாட்டிமார்களிடம் 2 சாமுவேல் 5:24ஐ வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி வைக்கும் பணியை நம் மாணவருள் எவரேனும் மேற்கொள்வாராயின், வருங்காலப் பதிப்பாளருக்கு அகராதிகளில் கிடைக்காத ஓர் உரை கிடைக்கும்.